குடிநீரில் எஞ்சி நிற்கும் குளோரின்

காரைக்கால் பிராந்தியம் காவேரிப் பாசனத்தின் கடைமடையில் அமைந்தது. அரசலாறும் நாட்டாறும் வாஞ்சியாறும் திருமலைராஜனாறும் மேற்கே பல ஊர்களின் வயல்களை நனைத்து, அவற்றின் வடிகாலையும் வாங்கிக்கொண்டு, இறுதியில் இங்கு வந்து கடலிற் கலக்கின்றன. கடைமடைக்கு வரும் ஜலம் அளவிற் குறைந்தது என்பதைக் குடியானவர்கள் எல்லோரும் அறிவர். அது குணத்திலும் மாறுபட்டது என்பதை அத்தனை பேர் நினைப்பதில்லை. பயிருக்கு அம்மாறுபாடு பெரும்பாலும் கேடு செய்யாது, குடிப்பவருக்குச் செய்யும். கிராமத்தின் மேல்நிலைத் தொட்டிக்கும் பொதுக் கிணற்றுக்கும் பொறுப்பான உத்தியோகஸ்தர்களும், தம் தோட்டத்துக் கிணற்றிலிருந்து பண்ணையாட்களுக்கும் அண்டை வீட்டாருக்கும் ஜலம் கொடுக்கும் நிலச் சொந்தக்காரர்களும் அறிந்துகொள்ள வேண்டிய ரசாயன விஷயங்கள் சிலவற்றை இங்கே விளக்குவோம்.

இவ்விஷயத்தின் அவசரத்தை உணர்த்தத் தூரதேச உதாரணம் வேண்டியதில்லை. 2022-ம் வருஷம் ஜூலை மாதத் தொடக்கத்தில் காரைக்காலில் வயிற்றுப்போக்குக் கண்டவர் தொகை ஆயிரத்தைக் கடந்தது. சிலரிடத்தில் வாந்திபேதிக் கிருமி இருப்பது பரீக்ஷையில் வெளியாயிற்று. ஜூலை 3-ந் தேதி புதுச்சேரிச் சுகாதார இலாகா பொதுச் சுகாதார அவசர நிலையைப் பிரகடனம் செய்தது. பள்ளிகள் சில நாட்கள் மூடப்பட்டன. காய்ச்சிய நீரையே பருகுமாறு ஜனங்களுக்கு உத்தரவாயிற்று. குடிநீர்க் குழாய்களிற் சாக்கடை நீர் கலந்ததே காரணம் என்று அப்பொழுது கருதப்பட்டது.

தொட்டியிலிருந்து புறப்படும்போது சுத்தமாயிருந்த நீரில் வழியிற் சாக்கடை எவ்வாறு புகும் என்று கேட்கலாம். குழாயில் எப்பொழுதும் அழுத்தம் நிறைந்திருந்தால், கசிவு உள்ளிருந்து வெளியே போகுமேயன்றி வெளியிலிருந்து உள்ளே வராது. நம் ஊர்களில் காலையிற் சில மணி நேரமும் மாலையிற் சில மணி நேரமுமே ஜலம் திறந்து விடப்படுவது வழக்கம். விநியோகம் நின்றதும் குழாய் காலியாகி, உள்ளே காற்றழுத்தம் குறைகின்றது. அந்நேரத்தில் சிலர் மின்சார மோட்டாரை வீட்டுக் குழாயிலேயே இணைத்து உறிஞ்சவும் செய்கின்றனர். அப்பொழுது வெடிப்பும் தளர்ந்த மூட்டும் உள்ள இடமெல்லாம் வெளியே தேங்கிய நீரை உள்ளே இழுக்கும் வாய்களாகின்றன. கடற்கரைச் சமவெளியில் நிலத்தடி நீர்மட்டம் மேலேயே இருப்பதால், மழைக்காலத்தில் குழாயும் சாக்கடையும் ஒரே சேற்றிற் கிடக்கின்றன. ஆகவே சுத்திகரிக்கும் இடத்தில் நீர் சுத்தமாயிருந்தது என்ற ஒன்றே போதாது. வழியிற் புகும் அசுத்தத்தை எதிர்த்து நிற்க, நீரினுள்ளேயே ஒரு காவல் உடன் செல்ல வேண்டும். எஞ்சி நிற்கும் குளோரினே அக்காவல்.

வாந்திபேதியை உண்டாக்கும் கிருமியை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1884-ம் வருஷம் கல்கத்தாவில் நோயாளிகளிடத்திலும், அவர்கள் புழங்கிய குளத்து நீரிலும் கண்டார். அது குடலில் வெளியிடும் விஷமே நோய்க்குக் காரணம் என்பதை அதே நகரத்தில் சம்புநாத் தே 1959-ல் ஸ்தாபித்தார். நம்மைப் போன்ற கடலோரத்தார் மறக்கலாகாத விசேஷம் ஒன்றுண்டு. இக்கிருமி மனிதக் குடலில் மட்டும் வாழ்வதன்று. நன்னீரும் கடல்நீரும் கலக்கும் கழிமுக உப்பங்கழிகளிலும் இயல்பாகவே வாழ வல்லது. இவ்வளவு பொல்லாததாயினும், குளோரினுக்கு எளிதில் மடியும் கிருமிகளில் இதுவும் ஒன்று என்பது நமக்கு அனுகூலம்.

நாம் உபயோகிக்கும் சலவைத்தூள், அதாவது பிளீச்சிங் பவுடர், சுண்ணாம்பிற் குளோரின் வாயுவை ஏற்றிச் செய்யப்படுவது. புதிதாயிருக்கும்போது அதன் எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பயன்படக்கூடிய குளோரின். அது நீரிற் கரைந்ததும் ஹைப்போகுளோரஸ் அமிலம் என்னும் பொருள் உண்டாகின்றது. கிருமியின் தோலை ஊடுருவி அதனைக் கொல்வது இவ்வமிலமே. நீரின் காரத்தன்மை மிகும்போது இவ்வமிலம் பிரிந்து ஹைப்போகுளோரைட் என்னும் மற்றோர் உருவத்தை அடைகின்றது. கிருமியைக் கொல்வதில் இதற்கு அமிலத்தின் வலிமையில் சிறு பங்குகூட இல்லை.

மண் பரீக்ஷை அறிக்கையில் பி.எச். எண்ணைப் பார்த்துப் பழகிய விவசாயிகளுக்கு இதனை விளக்குவது எளிது. களர் நிலத்தைக் காட்டிக்கொடுக்கும் அதே எண் இங்கும் பயன்படுகின்றது. எண் 6.5 ஆயிருந்தால் குளோரினில் பத்தில் ஒன்பது பங்கு வலிய அமிலமாக நிற்கும், 7.5-ல் ஏறக்குறையப் பாதி; 8.5-ல் பத்தில் ஒரு பங்கே. குடிநீருக்கு 6.5 முதல் 8.5 வரை அனுமதிக்கப்பட்டிருக்கின்றது. ஆனால் அவ்வரம்பின் இரு முனைகளிலும் ஒரே அளவு சலவைத்தூள் ஒரே வேலையைச் செய்யாது. காரநீர் உள்ள ஊரில் குளோரினுக்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும். அரைமணி போதுமென்று பிற ஊரார் சொன்னால், இங்கு ஒரு மணியாவது காத்திருப்பது நலம்.

இனி, நீரில் இட்ட குளோரின் எங்கே போகின்றது என்பதைக் கவனிப்போம். குளோரினுக்குக் கிருமி இன்னது, சேறு இன்னது என்ற பேதம் கிடையாது. எதிர்ப்படும் பொருள்களில் எளிதிற் கூடக்கூடியவற்றோடெல்லாம் கூடிச் செலவாகிவிடும். அவற்றின் பசி தீர்ந்த பிறகே மிச்சம் நிற்கும். நன்செய் வயலில் முதலில் வாய்க்காலும் வெடிப்பும் குடித்த பிறகுதானே பயிருக்குத் தண்ணீர் நிற்கின்றது. அதைப் போன்றதே இதுவும். இம்முதற் செலவு நீருக்கு நீர் வேறுபடும். இதை அறியாமல், எல்லாத் தொட்டிக்கும் ஒரே கரண்டிக் கணக்கிற் சலவைத்தூளை இட்டு வருவது வீண்.

நம் பிராந்தியத்தில் மூவகை நீரைக் காண்கிறோம். முதலாவது, ஆற்றிலும் குளத்திலும் நிற்கும் நீர். மேட்டூர் அணையை ஜூன் 12-ந் தேதி திறப்பது நெடுநாளைய வழக்கம். திறந்தபின் வாய்க்கால்களில் புதுவெள்ளம் வரும்போது அதில் நுண்ணிய களிமண்ணும் அழுகிய தழையும் மிகுதி. களிமண் துகள்கள் எல்லாம் ஒரேவகை மின்சக்தியைத் தாங்கி ஒன்றையொன்று விலக்குவதால், நாள் கணக்கில் வைத்தாலும் தெளியா. படிகாரம் இட்டால், நீரில் இயல்பாயுள்ள காரப்பொருளோடு கூடிப் பஞ்சுபோன்ற அலுமினிய வண்டலாகித் துகள்களைத் திரட்டிக்கொண்டு அடியிற் படிகின்றது. ஒரு மில்லிகிராம் படிகாரம் சுமார் அரை மில்லிகிராம் காரத்தைச் செலவழிக்கும். காரம் குறைந்த மழைநீரில் ஆகவே படிகாரம் சரியாக வேலை செய்யாது. சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டியிருக்கும். நம் பாட்டிமார் பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளிய வைத்ததும் ஏறக்குறைய இதே தத்துவத்தைச் சார்ந்ததே. அவ்வழக்கம் பரிகசிக்கத்தக்கதன்று, ஆயினும் தெளிந்த நீர் கிருமியற்ற நீர் ஆகிவிடாது. தெளிவித்து வடிகட்டிய பின்னரே குளோரின் இட வேண்டும். கலங்கலில் இட்டால் தூளும் பாழ். துகளுக்குள் ஒளிந்த கிருமியும் பிழைக்கும்.

இரண்டாவது, ஆழ்குழாய்க் கிணற்று நீர். வெளிவரும்போது பளிங்குபோல் இருந்து, குடத்தில் அரைமணி நின்றதும் செம்மஞ்சளாக மாறும் நீரைப் பலரும் கண்டிருப்பார்கள். பூமிக்கடியிற் பிராணவாயு இல்லாமையால் இரும்பு கரைந்த நிலையில் இருக்கின்றது. காற்றுப் பட்டதும் துருவாக மாறிப் படிகின்றது. அழுகிய முட்டை நாற்றம் உள்ள நீரில் கந்தக வாயு கலந்துள்ளது. ஒரு மில்லிகிராம் இரும்பு சுமார் 0.6 மில்லிகிராம் குளோரினைத் தின்னும். ஒரு மில்லிகிராம் கந்தக வாயுவோ 2 முதல் 8 மில்லிகிராம் வரை தின்னும். இத்தகைய நீரைப் படிக்கட்டுப் போன்ற தட்டுகளின் மேல் வீழ்த்திக் காற்றாட விட்டு, மணலில் வடித்தால் இரும்பும் நாற்றமும் பெரும்பாலும் நீங்கும். காற்று இலவசம், குளோரின் விலைக்கு வாங்குவது.

மூன்றாவது, வீட்டுக் கிணறும் தோட்டக் கிணறும். இவற்றில் நாம் அஞ்ச வேண்டியது அம்மோனியா. மாட்டுத் தொழுவத்தின் கோமியம், எருக்குழியின் கசிவு, மலக்குழியின் ஊற்று, வயலுக்கு இட்ட யூரியாவின் மிச்சம் ஆகியவை மணற்பாங்கான மண்ணில் விரைந்து இறங்கிக் கிணற்றைச் சேரும். குளோரின் அம்மோனியாவோடு கூடினால் குளோரமின் என்னும் மந்தமான பொருள் உண்டாகின்றது. மேலும் மேலும் குளோரின் இட்டுவர, ஓர் எல்லையில் இக்கூட்டுப் பொருளே அழிந்து, அதன்பின் இடுவது மட்டும் தனித்த குளோரினாக நிற்கும். அந்த எல்லையை அடைய அம்மோனியாவின் நைட்ரஜன் எடையைப்போல் எட்டு முதல் பத்து மடங்கு குளோரின் வேண்டும். இதில் வேடிக்கை யாதெனில், மருந்து நாற்றம் அடிக்கின்றது என்று ஜனங்கள் முறையிடும்போது பலமுறை காரணம் குளோரின் மிகுந்தது அன்று. எல்லையை எட்டாமற் குறைந்ததே. முறையீட்டுக்குப் பயந்து தூளை மேலும் குறைத்தால், நாற்றமும் போகாது, காவலும் போய்விடும். தொழுவத்தையும் எருக்குழியையும் கிணற்றைவிட்டு அப்பால், சரிவின் கீழ்ப்புறத்தில் அமைப்பதே முதல் வைத்தியம்.

எத்தனை இட்டோம் என்பது கணக்குப் புத்தகத்துக்கு உதவும். உயிரைக் காப்பது கடைசிக் குழாயில் எத்தனை நிற்கின்றது என்பதே. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 10500-ம் எண் தரம், 2012-ம் வருஷத் திருத்தத்தின்படி, லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் தனித்த குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும் என்கின்றது. வைரஸ் நோய்களிலிருந்தும் காவல் வேண்டுமாயின் 0.5 மில்லிகிராம் இருத்தல் வேண்டும். கிருமிப் பரீக்ஷைக்கு நீரை அனுப்பினால் முடிவு வர ஓரிரு நாட்களாகும். அதற்குள் ஊர் முழுவதும் குடித்துவிடும். குளோரின் பரீக்ஷையோ சில நிமிஷங்களில் முடிவது. நேற்றுவரை 0.5 நின்ற குழாயில் இன்று ஒன்றும் இல்லையென்றால், வழியில் ஏதோ அதனைத் தின்றிருக்கின்றது. அது சாக்கடையாக இருக்கலாம் என்றே முதலிற் கொள்ள வேண்டும்.

இப்பரீக்ஷைக்கு முற்காலத்தில் ஆர்த்தோடாலிடின் என்னும் திரவத்தை விட்டு மஞ்சள் நிறத்தை ஒப்பிட்டு வந்தனர். அத்திரவம் புற்றுநோய்க்கு ஏதுவாகலாம் எனக் கண்டு கைவிடப்பட்டது. பழைய புட்டிகள் எங்கேனும் அலமாரியில் இருந்தால் உபயோகிக்கலாகாது. இப்பொழுது டி.பி.டி. என்னும் மாத்திரை வழங்குகின்றது; இளஞ்சிவப்பு நிறம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு குளோரின். தனித்த குளோரினையும் குளோரமினையும் பிரித்துக் காட்டுவது இதன் சிறப்பு. மாத்திரையை இட்டவுடன் நிறத்தைப் பார்க்க வேண்டும். தாமதித்தால் குளோரமினும் சேர்ந்து நிறம் கூடிப் பொய்க்கணக்குக் காட்டும். மாதிரியைத் தொட்டியின் அருகில் எடுத்து வீடு திரும்பும் வழக்கம் சில இடங்களில் உண்டு. கால்நடைக்குச் சிரமம் குறையுமே தவிர, அதனால் வேறு பயன் இல்லை. ஊர்க்கோடித் தெருவின் கடைசிக் குழாயில், தண்ணீரைச் சிறிது ஓடவிட்டுப் பின்னரே எடுக்க வேண்டும்.

கிணற்றுக்கு எவ்வளவு சலவைத்தூள் வேண்டும் என்பதை அறிய ஹாரக்ஸ் என்பவர் பெயரால் வழங்கும் பெட்டி மிகவும் உபயோகமானது. அதில் ஆறு வெள்ளைக் கோப்பைகளும், உள்ளே வட்டக் கோடிட்ட ஒரு கறுப்புக் கோப்பையும், 2 கிராம் கொள்ளும் கரண்டியும் இருக்கும். ஒரு கரண்டித் தூளைக் கறுப்புக் கோப்பையில் இட்டுக் குழைத்து, கோடுவரை நீர் ஊற்றிக் கலக்கித் தெளிய விட வேண்டும். ஆறு வெள்ளைக் கோப்பைகளிலும் கிணற்று நீரை நிரப்பி, தெளிந்த கரைசலை முதற்கோப்பையில் ஒரு துளி, இரண்டாவதில் இரண்டு துளி என முறையே ஆறு துளி வரை விட்டுக் கலக்கி, அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு மாவுச்சத்தும் அயோடைடும் கலந்த கரைசலை ஒவ்வொன்றிலும் மும்மூன்று துளி விட்டால், குளோரின் மிஞ்சியுள்ள கோப்பைகள் நீலமாகும். நீலம் தெளிவாகத் தெரியும் முதற்கோப்பை எத்தனையாவதோ, 455 லிட்டர் நீருக்கு அத்தனை கரண்டித் தூள் வேண்டும்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். வட்டக் கிணற்றின் குறுக்களவு 2 மீட்டர், நீரின் ஆழம் 3 மீட்டர் என்க. குறுக்களவை அதே எண்ணாற் பெருக்கி, ஆழத்தாற் பெருக்கி, 3.14-ஆற் பெருக்கி, நாலால் வகுத்தால் 9.42 கன மீட்டர், அதாவது 9,420 லிட்டர் ஆகும். மூன்றாவது கோப்பை நீலமானால், 455 லிட்டருக்கு 6 கிராம். கிணறு முழுவதற்கும் சுமார் 124 கிராம். இத்தூளை அப்படியே கிணற்றில் வீசலாகாது. வீசினால் சுண்ணாம்போடு அடியிற் போய்ப் படிந்துவிடும். வாளியில் குழைத்து, தண்ணீர் விட்டுக் கலக்கி, தெளிந்த மேல்நீரை வேறு வாளியில் வடித்து, அதை நீருக்குள் அமிழ்த்தி மேலும் கீழும் அசைத்துக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் வரை யாரும் இறைக்கலாகாது. இரவிற் செய்து காலையில் எடுப்பது உத்தமம். வாந்திபேதி பரவும் காலத்தில் இதை நாள்தோறும் செய்வது நலம்.

மேல்நிலைத் தொட்டிக்கும் கணக்கு அரிதன்று. ஒரு லட்சம் லிட்டர் நீருக்கு லிட்டருக்கு 2 மில்லிகிராம் வேண்டுமாயின் 200 கிராம் குளோரின் தேவை. புதிய சலவைத்தூளானால் 600 கிராம் போதும். அதே தூள் வாய் திறந்த சாக்கிற் பல மாதம் கிடந்து நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு இறங்கியிருந்தால் 1,330 கிராம் வேண்டும். வழக்கப்படி 600 கிராமையே இட்டு வருபவர், பாதிக்கும் குறைவாகவே மருந்து கொடுக்கிறார். ஆனால் ஏட்டில் ஒரு குறையும் தெரியாது. நமது கடற்கரை ஈரமும் வெயிலும் இத்தூளின் பரம சத்துருக்கள். இறுக மூடிய பிளாஸ்டிக் பீப்பாயில், நிழலான, காற்றோட்டமுள்ள இடத்தில் வைத்து, வந்த தேதியை மேலே எழுதி, பழையதை முன்னும் புதியதைப் பின்னும் செலவிட வேண்டும்.

இங்கு விவசாயிகளுக்கு ஒரு முக்கியமான எச்சரிக்கை. இடவசதி கருதிச் சலவைத்தூளை உரக்கிடங்கில் யூரியா மூட்டையின் அருகில் வைப்பதுண்டு. இரண்டும் ஈரத்திற் கலந்தால் வெடிக்கக்கூடிய பொருள் உண்டாகின்றது. மண்ணெண்ணெய், டீசல், எண்ணெய்த் துணி இவை பட்டாலும் தீப்பற்றலாம். அமிலம் பட்டாலோ மூச்சை அடைக்கும் குளோரின் வாயு கிளம்பும். ஆகவே இதற்குத் தனி இடம் வேண்டும்.

குளோரினால் ஆகாத காரியங்களும் உண்டு. உப்பை அது நீக்காது, காய்ச்சுவதும் நீக்காது. கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது விரும்பத்தக்கது. வேறு நீர் கிடையாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது தரம். கடலோர மணலில் மழைநீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டர் நன்னீர் உண்டு என்பது 1888-ல் கைபனும் 1901-ல் ஹெர்ட்ஸ்பெர்க்கும் கண்ட கணக்கு. மேலே ஓர் அடி இறைத்துத் தாழ்த்தினால், கீழே உப்பு நாற்பது அடி உயர முயலும் என்பது அதன் மறுபக்கம். கடலோர நிலத்தில் வலிய மோட்டாரை இடைவிடாது ஓட்டுபவர் தம் கிணற்றை மட்டுமன்றி அடுத்தவர் குடிநீரையும் கெடுக்கிறார். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளில் உப்பைப் புகுத்தியபோதும், அவற்றைத் திரும்பத் திரும்ப இறைத்ததைக் காட்டிலும் பின்வந்த மழையே அவற்றைக் கழுவ உதவிற்று.

நைட்ரேட்டும் அப்படியே. லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேற்பட்டால், புட்டிப்பால் குடிக்கும் சிசுக்களின் ரத்தத்திற் பிராணவாயு ஏறுவது தடைப்பட்டு உடல் நீலம் பாரிக்கும். காய்ச்சினால் நீர் வற்றி நைட்ரேட் இன்னும் செறிவாகும். அத்தகைய கிணற்று நீரைச் சிசுவுக்கு விலக்கி, வேறிடத்து நீரைக் கொடுப்பதே வழி.

கடைசிக் குழாயிற் குளோரின் காணப்படாத நாளில் செய்ய வேண்டியவை இவை. தொட்டியருகே உடனே பரீக்ஷித்துப் பார்க்க வேண்டும். அங்கும் இல்லையென்றால் தூளில் அல்லது அளவிற் குறை. அங்கு நின்று கோடியில் மட்டும் இல்லையென்றால் வழியிற் குறை. தெருத் தெருவாகப் பரீக்ஷித்து வந்தால், எந்த மூட்டுக்கு அப்பால் நிறம் மறைகின்றதோ அங்கே தோண்ட வேண்டும். அதுவரை அத்தெருவின் வால்வை மூடி, வண்டியில் நல்ல ஜலம் அனுப்பி, காய்ச்சிக் குடிக்குமாறு தண்டோராவோ ஒலிபெருக்கியோ கொண்டு அறிவிக்க வேண்டும். குழாயைச் செப்பனிட்டபின் மிகுந்த குளோரின் கலந்த நீரை அதில் நிரப்பி, ஓர் இரவு நிறுத்தி, மறுநாள் வெளியேற்றிவிட்டு, கடைசிக் குழாயில் மீண்டும் 0.5 மில்லிகிராம் கண்ட பிறகே வால்வைத் திறக்கலாம்.